பிளேட்டுக் கிராணியின் நாவல் நோட்டு

மலாயாவிலேயே நாவலைக் காதால் படித்த ஒரே மனிதர் எங்கள் பிளேட்டுக் கிராணிதான். இதை மறுப்பவர்கள் அவரைச் சந்திக்காதவர்கள்.

பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டம். அங்கே நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. அவர் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. அடுத்தடுத்த வீடு. கிராமபோன் இசைத்தட்டைத் தோட்டத்தில் பிளேட்டு என்போம். அவரிடம் முப்பத்தொரு பிளேட்டும், நாற்பது நாவலும், சாவி கொடுத்துச் சுற்றும் பாட்டுப் பெட்டி ஒன்றும் இருந்தன. மனைவி இல்லை. வீட்டில் இடமும் இல்லை.

அவருடைய கொள்கை எளிமையானது. ஒவ்வொரு நாவலுக்கும் ஒரு பிளேட்டு உண்டு. அது ஓடாமல் நாவலைத் திறப்பது, எழுதியவருக்குச் செய்கிற அவமரியாதை. கொலைக் கதைக்கு நாதசுரம். குடும்பக் கதைக்கு வீணை. காதல் கதைக்கு மட்டும் நகைச்சுவை வசனப் பிளேட்டு.

"ஏன் ஐயா அப்படி?" என்று கேட்டேன்.

"காதலிக்கிறவங்க பேசிக்கிறதக் கேட்டிருக்கீங்களா டீச்சர்?" என்றார்.

புத்தகத்தை வீட்டுக்குத் தரமாட்டார். அவருடைய வராந்தாவில் உட்கார்ந்து, பிளேட்டு ஓட ஓடத்தான் படிக்க வேண்டும். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்கார அரசு அறிவித்த அவசரகாலம் அது. தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி. ஆறு மணிக்கு ஊரடங்கு. போக வேறு இடமில்லாத நான் நாலரைக்கெல்லாம் அங்கே ஆஜராகிவிடுவேன். ஒரு பாட்டு மூன்று நிமிடம் ஓடும். அதற்குள் நான்கு பக்கம் படித்தாக வேண்டும்.

"டீச்சர், நாதசுரம் முடிஞ்சு போச்சு. இன்னும் பொணத்தப் பாக்கலையா?"

"துப்பறிகிறவர் மாடிப்படி ஏறிக்கிட்டு இருக்காரு ஐயா."

"நான் அவர மாடியில விட்டு ரெண்டு நிமிஷம் ஆச்சுலா! சீக்கிரம் ஏறச் சொல்லுங்க."

எந்தப் பக்கத்தில் எந்தப் பிளேட்டைப் போடுவது, எங்கே நிறுத்துவது என்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி, எங்கே போனாலும் பையில் வைத்திருந்தார். அந்த நோட்டுதான் அவரைப் போலீசில் மாட்டிவிட்டது.

ஒரு சனிக்கிழமை காலை, கிராமபோன் ஊசி வாங்கத் தோட்டத்து லோரியில் கோலசிலாங்கூருக்குப் புறப்பட்டுப் போனார். மதியம் லோரி அவர் இல்லாமல் திரும்பி வந்தது. டிரைவர் நேரே பள்ளிக்கூடத்துக்கு ஓடி வந்தார்.

"டீச்சர், கிராணியப் புடிச்சிட்டாங்க! ரோட்டுல பையச் சோதிச்சாங்க. காட்டுக்காரனுக்கு அரிசி போகுதான்னுதான் பாத்தாங்க, நோட்டு கெடைச்சிருச்சு. துரைய முடிச்சிடுன்னு எழுதியிருக்காராம்லா!"

எனக்கு உடனே புரிந்துவிட்டது. இருபத்துமூன்றாம் நாவல். நோட்டில் அவர் எழுதியிருந்த வரி இதுதான்: "துரை காரை விட்டு இறங்குகிறார். இங்கே முடித்துவிடு." பிளேட்டை முடிக்கச் சொல்கிறார் என்பது அவருக்கும் எனக்கும் தெரியும். ஆனால் காட்டுக்குள் இருந்தவர்கள் தோட்டத் துரைமார்களைச் சுட்டுக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. பக்கத்துத் தோட்டத்தில் பிடிபட்ட ஒருவர் லயத்துக்குத் திரும்பவே இல்லை. விசாரணைகூட இல்லாமல் அவரைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

கிராணி வீட்டுப் பூட்டைக் கல்லால் உடைத்தேன். பெட்டியையும் நாவலையும் அதற்குரிய பிளேட்டையும் எடுத்துக்கொண்டு அதே லோரியில் ஏறினேன்.

போலீஸ் ஸ்டேஷனில் கிராணி ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "பெட்டிய மடியில வச்சுக் கொண்டாந்தீங்களா, கீழ வச்சா?"

அங்கே ஒரு வெள்ளைக்கார அதிகாரியும், மூக்குக்கண்ணாடி போட்ட தமிழ் இன்ஸ்பெக்டரும் இருந்தார்கள்.

"இது காட்டுக்காரனுக்கு அனுப்புற ரகசியச் சேதி இல்லேன்னு என்னம்மா சாட்சி?" என்றார் இன்ஸ்பெக்டர்.

நான் பதில் சொல்வதற்குள் கிராணி எழுந்தார். "நீங்களே படிங்க ஐயா. சத்தமா. நான் பிளேட்டு போடறேன்."

இன்ஸ்பெக்டர் குற்றப்பத்திரிகை வாசிக்கிற குரலில் ஆரம்பித்தார். வீணை ஓடியது. கதையில் கணவனை இழந்த ஒருத்தி லயத்து வீட்டு வாசலில் கைக்குழந்தையோடு நிற்கிறாள். இரண்டாம் பக்கத்தில் அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. மூன்றாம் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். துரையின் கார் வந்து நின்றது. துரை இறங்கினார். கிராணி ஊசியைத் தூக்கினார்.

ஸ்டேஷனே நிசப்தமானது. அந்த நிசப்தத்தில் இன்ஸ்பெக்டர் அடுத்த வரியைப் படித்தார்: "நாளைக்குள் வீட்டைக் காலி செய்."

பிறகு படிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

என்ன ஆயிற்று என்று வெள்ளைக்கார அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார்.

"இது வெறும் நாவல், சார்."

"பிறகு ஏன் அழுகிறீர்?"

"நல்ல நாவல், சார்."

அரைமணி நேரத்தில் விட்டுவிட்டார்கள். நோட்டை மட்டும் திருப்பித் தரவில்லை. இன்ஸ்பெக்டர் வாசல்வரை வந்தார். "அந்தப் பொம்பளைக்கு அப்புறம் என்னாச்சு?"

"அதுக்கு வேற பிளேட்டு ஐயா. வீட்டுல இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கிராணி லோரியில் ஏறினார்.

டிரைவர் பக்கத்தில் அவர்; கதவோரம் நான்; நடுவில் பெட்டி. லோரி ஊர் எல்லையைத் தாண்டியது. பெட்டியை அவர் இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தார். லோரி ஆடுவதால்தான் என்று முதலில் நினைத்தேன்.

"ரொம்பப் பயந்துட்டேன் டீச்சர்" என்றார், ரோட்டைப் பார்த்தபடி.

ஒரு கிராணியின் கையை ஓர் ஆசிரியை பிடித்துக்கொள்ளக் கூடிய காலம் இல்லை அது. அதனால் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். தோட்டத்துக் கேட் வந்த பிறகும் விடவில்லை.