மூன்றுகால் நாற்காலி

கீழ்வீட்டுப் பெரியவர் பேராசிரியரை வாசலிலேயே மறித்துக்கொண்டார். கையில் வார இதழ். அதில் பேராசிரியரின் கட்டுரை.

"என் மகன் என்னைக் கைவிட்டுட்டான்னு உங்ககிட்ட யார் சார் சொன்னது?"

பேராசிரியர் அப்படி எழுதவில்லை. தூக்கியெறிந்த பொருள்களைப் படமெடுத்து, அவற்றில் சமூகத்தை வாசிப்பது அவர் வேலை. பதினொரு வருடமாக வாசிக்கிறார். தெருமுனைக் குப்பைத்தொட்டியோரம் சாய்ந்திருந்த மூன்றுகால் நாற்காலியைப் படம்பிடித்து, 'முதுமையை நாம் இப்படித்தான் வெளியே வைக்கிறோம்' என்று எழுதியிருந்தார். அவ்வளவுதான். ஆனால் அந்தத் தெருவில் முதியவர் என்று இருந்தது ஒரே ஒருவர். கட்டுரையைப் படித்தவர்களெல்லாம் வந்து அவருக்கு ஆறுதல் சொன்னார்கள். வெளியூர் மகன் அலறியடித்து வந்து, அப்பாதான் குறை சொல்லியிருப்பார் என்று அவரிடம் முகங்கொடுத்துப் பேசாமல் உட்கார்ந்திருந்தான்.

பேராசிரியருக்கு மனசு கேட்கவில்லை. மறுவாரமே திருத்தம் எழுதினார்: நாற்காலி முதியவர் யாருடையதும் அல்ல, புதுப்பொருள் மோகம் பிடித்த ஒரு குடும்பம் வீசியது.

அந்த மாதம் தெருவில் புது சோபா வந்து இறங்கியதும் ஒரே வீட்டில்தான். அது அவருடைய மைத்துனர் வீடு.

"எங்க அண்ணனுக்கு மோகமா?" என்று கேட்ட மனைவி, அதற்கப்புறம் நான்கு நாள் அவரிடம் எதையுமே கேட்கவில்லை.

நாற்காலி தெருவில் கண்ணில் பட்டுக்கொண்டிருக்கும்வரை பேச்சு ஓயாது என்று தோன்றியது. ஞாயிறு காலை அதைக் காரில் ஏற்றிக் கல்லூரிக்குக் கொண்டுபோனார். ஓர் அறையில் போட்டுப் பூட்டிவிடலாம் என்பது எண்ணம். துறைத்தலைவர் பார்த்துவிட்டார். படங்களோடு அசலும் கிடைத்ததே என்று பூரித்து, கண்காட்சியே அறிவித்துவிட்டார். நாற்காலி மேடையேறியது. இனி யார் மனமும் புண்படக்கூடாதென்று, பேராசிரியர் அதன்கீழ் 'உரியவர் எவருமில்லை' என்று எழுதிவைத்தார்.

திறப்பு நாளன்று பெரியவர் வந்தார், மகனோடு. மைத்துனரும் வந்தார். இருவரும் ஆளுக்கொரு மூலையில் நின்று பேராசிரியரையே முறைத்தார்கள். குப்பை பற்றிய கண்காட்சி என்பதால் துப்புரவுப் பணியாளர்களையும் மரியாதைக்கு அழைத்திருந்தார்கள். பேராசிரியர், புறக்கணிக்கப்பட்டவற்றின் மௌனம் பற்றி முக்கால் மணிநேரம் பேசினார். நல்ல கைதட்டல்.

கூட்டம் கலைந்தபின், அவர் தெருவைப் பெருக்கும் அம்மா மட்டும் மேடையருகே வந்து நின்றார். நாற்காலியின் முதுகைத் தடவிப் பார்த்தார். குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"கால் இல்லாத பக்கம் செங்கல்லு வச்சு, வேலை முடிஞ்சதும் இதுல உக்காந்துதான் சார் நான் தினமும் சாப்பிடுவேன், பத்து நாளா நின்னுக்கிட்டே சாப்பிடுறேன்."