சிவப்பு அம்பு ஸ்டிக்கர்

போன மாதம் ஒரு சபதம் எடுத்தேன். ஆம்பூரில் ஃபேக்டரி கேட்டைத் தாண்டிவிட்டால் ஷூ என்ற சொல்லே என் காதில் விழக்கூடாது. நாள் முழுக்க செக்கிங் டேபிளில் ஷூ பார்க்கிறவன் நான். கனவுகூட ஜோடி ஜோடியாகத்தான் வருகிறது. வீட்டுக்கு வந்தால் டீ, டிவி, கிரிக்கெட். அவ்வளவுதான்.

என் மனைவி மேகலாவுக்கு வேறு கவலை. எங்கள் பூங்குழலிக்கு எட்டு வயது. செல்போனில் ஒரு விளையாட்டு விளையாடுகிறாள். அதற்குள் ஒரு ஊரே இருக்கிறது. தெரு, பஸ், கடை எல்லாம் உண்டு. உலகத்துப் பிள்ளைகளெல்லாம் அங்கே பொம்மையாக நடமாடுகிறார்கள்.

"பிள்ளைங்கதான்னு யாருக்குங்க தெரியும்? நேத்து ஒரு பொம்மை இவகிட்ட எந்த ஸ்கூல்னு கேக்குது. அவ விளையாடும்போது பக்கத்துல உக்காருங்க. கைக்குழந்தையை வெச்சிக்கிட்டு நான் எதைப் பாக்குறது?"

"போனைப் புடுங்கி வெச்சிடு."

"பக்கத்து வீட்டு சமீருல்லா அண்ணன்கிட்ட போன் வாங்கி அங்க விளையாடுவா. அங்க யாரு பாப்பாங்க?"

"பொம்மை இன்னா கடிச்சிடவா போவுது? பேஜார் பண்ணாத."

மேகலா பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் நான் ஜெயித்துவிட்டேன் என்று ஒன்பது வருஷமாக நம்பி வருகிறேன்.

மறுநாள் டீயோடு வந்தாள். "அந்த விளையாட்டுல நம்ம ஃபாரின் கம்பெனி கடை தொறந்திருக்கான். நீங்க அனுப்புற ஷூவைத்தான் பொம்மைங்களுக்கு மாட்டி விளம்பரம் பண்றான்."

"ஷூ பேச்சு வேணாம்னேன்."

"சரி, பேசல. குதிகால்ல ஒத்தை வரிசைத் தையல் போட்டிருக்கான். எனக்கென்ன."

டிவியை அணைத்தது என் கையாகத்தான் இருக்க வேண்டும். அது இரட்டை வரிசைத் தையல். பன்னிரண்டு வருஷமாக நான் பாஸ் பண்ணுகிற குதிகால்.

"நில்லுமா பூங்குழலி. பொம்மையைப் பின்பக்கம் திருப்பு."

"அப்பா, பஸ் போயிடும்."

"போவட்டும்."

பொம்மை ஒரு இடத்தில் நின்றால்தானே? அடுத்த நாள் ஃபேக்டரியிலிருந்து சிவப்பு அம்பு ஸ்டிக்கர் கொண்டுவந்தேன். குறை இருக்கிற இடத்தில் ஒட்டுவது. லேஸ் ஓட்டை கம்மி, ஒரு அம்பு. கலர் ஜாஸ்தி, ஒரு அம்பு. செல்போன் திரையில் பாதி மறைந்துபோனது.

ஒட்டும்போது அந்தப் பசை வாசனை வந்தது. அதோடு பழைய ஸ்டிச்சிங் ஹாலும் வந்தது. ஜன்னலோரம் மூன்றாவது மெஷினில் மேகலா. கான்வென்ட் கையெழுத்தில், எழுத்தோடு எழுத்து கைகோத்தபடி, தைத்த கணக்கை ஜாப் கார்டில் எழுதுவாள். அம்பு ஒட்டினால் தைத்தவரே டேபிளுக்கு வந்து வாங்கிப்போய்த் திருத்த வேண்டும். நாளுக்கு ஒன்றாவது ஒட்டுவேன். "எங்க சார் தப்பு?" என்று தலை சாய்த்துக் கேட்பாள். நாலு மணி டீயை மறந்து தேடுவேன். இருந்தால்தானே கிடைக்கும்.

ஒரு வாரம் கழித்து ஏதோ ஒரு பொம்மை வந்து, 'உன் வீடு எங்கே?' என்றது. போனை வாங்கி நானே எழுதினேன்: 'நான் இவள் அப்பா. செக்கிங் டிபார்ட்மென்ட். உன் சோல் கோணலாக இருக்கிறது. நில், பார்க்கிறேன்.' ஓடிய பொம்மை திரும்பவேயில்லை.

பத்தாம் நாள் பொம்மையின் குதிகால் நேராகப் பார்க்கக் கிடைத்தது. எண்ணினேன். இரட்டை வரிசை. சுத்தமான தையல்.

"மேகலா, ரெட்டைதான் போட்டிருக்கான். நீ எங்க ஒத்தையைப் பார்த்த?"

அவள் கைக்குழந்தையைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "என் தையல்ல நீங்க எங்க பார்த்தீங்களோ, அங்கதான்."

திரையிலிருந்து ஒரு அம்பை உரித்து என் சட்டையில் ஒட்டினாள். அது பூங்குழலிக்குப் பக்கத்தில், பத்து நாளாக நான் உட்காரும் நாற்காலியைக் காட்டியது.