அறுநூற்றுப் பன்னிரண்டு எண்களும் நானும்

கான்ஸ்டன்டைன் நகரம்,
திங்கட்கிழமை

மரியாதைக்குரிய ஜௌஹர் அக்காவுக்குத் தம்பி முக்தார் ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கு அனைவரும் சுகம். பெஜாயாவில் உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அனுப்பிய ஆலிவ் எண்ணெய் வந்து சேர்ந்தது.

வருகிற வியாழக்கிழமை எங்கள் கணித ஆய்வு மையத்தில் என் தேற்றத்தை அறிவிக்கிறேன். இருபது ஆண்டு உழைப்பு. இது போனால் எனக்கென்று சொல்லிக்கொள்ள வேறொன்றும் இல்லை. பெரிய எண்களுக்கெல்லாம் நிரூபித்தாயிற்று. மிச்சம் அறுநூற்றுப் பன்னிரண்டு சின்ன எண்கள், அவற்றை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இங்கே மாடியில் நாங்கள் தாளும் பென்சிலுமாக இருக்கிறோம், கீழே கணினிக்காரர்கள். இரண்டு தளத்துக் கையெழுத்தும் இல்லாமல் ஒரு கட்டுரையும் வாசல் தாண்டக் கூடாது என்பது விதி. கீழ்த்தளத்து வஸீலா, என் மகள் வயதுதான், மாடியேறி வந்து, "குடுங்க உஸ்தாத், உங்க காப்பி ஆறுறதுக்குள்ள முடிச்சுத் தர்றேன்" என்றாள். "தேற்றம் என்ன கோதுமையாம்மா, மெஷின்ல போட்டு அரைச்சு வாங்கிட்டுப் போக?" என்று விரட்டிவிட்டேன். கையாலேயே போட்டேன். முதல் நாள் உங்கள் எண்ணெய் கவிழ்ந்து நாற்பது எண்கள் ஊறிப்போயின, மறுபடி போட்டேன், மறுநாள் வீட்டில் என் மனைவி ஃபதீஹா துவைத்த என் சட்டைப் பையோடு இன்னும் பதினெட்டு போயின, அதையும் போட்டேன், அப்புறம் எல்லார் முன்னாலும் பலகையில் ஏழெட்டு ஐம்பத்து நாலு என்று எழுதிவைத்தேன். வஸீலா சிரிக்கவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "பெரிய கணக்கெல்லாம் உங்களுக்கு உஸ்தாத், இந்தச் சில்லறையை எங்ககிட்ட விடுங்களேன்" என்றாள். முடியாது என்றால் முடியாதுதான். நேற்றோடு எல்லாம் முடிந்தது. இனி அவள் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும்.

வியாழன் காலை வண்டியில் வந்து முன்வரிசையில் உட்காருங்கள். மச்சானுக்கு ஸலாம், பிள்ளைகளுக்கு என் துஆ எப்போதும் உண்டு.

உங்கள் தம்பி
முக்தார்

பி.கு.: உறையை ஒட்டப் பசை கேட்டுக் கீழ்த்தளம் போனேன். தாள்கள் கையில்தான் இருந்தன. வஸீலாவிடம் கொடுத்துவிட்டேன், அக்கா. மெஷினில் நாலே நிமிடம். அறுநூற்றுப் பதினொரு எண்களுக்கு என் தேற்றம் சரி, ஒன்றுக்குப் பொய். அந்த எண்ணின் பக்கத்தில் "இரண்டு முறை பார்த்தேன்" என்று எழுதியிருக்கிறேன். அங்கேயே அழுதேன், மறைப்பானேன்? வஸீலா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார வைத்தாள். "பொய்னு மட்டும்தான் மெஷினுக்குச் சொல்லத் தெரியும் உஸ்தாத். இந்த ஒண்ணு மட்டும் ஏன் முரண்டு பிடிக்குதுன்னு நீங்கதான் சொல்லணும்" என்றாள். நீங்கள் கட்டாயம் வாருங்கள். மேடையில் இருவரும் நிற்கிறோம். இருபது ஆண்டு நான் நம்பியதைச் சொல்வேன். அதில் எது பொய் என்று அவள் சொல்வாள். ஏன் என்று சொல்ல எனக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது.