ஊசிக் கவிதையின் உரிமையாளர்

ஜெராக்ஸ் கடைக்காரர் எத்தனை காப்பி என்றுகூடப் பார்க்கவில்லை. வாடிக்கையாளரின் வீட்டுப் பத்திரத்தை எந்திரத்தில் வைத்துப் பொத்தானை அழுத்திவிட்டு, போனை மறுபடி பார்த்தார். செய்தி அப்படியேதான் இருந்தது.

'உங்கள் மனைவி தன் இணையப் பக்கத்தில் போட்டிருக்கும் கவிதை நான் எழுதியது. என் பெயரைப் போடுங்கள். இல்லாவிட்டால் பதிப்புரிமைச் சட்டப்படி வழக்குப் போடுவேன்.'

“அண்ணே, ஒரு காப்பிதானே கேட்டேன்?” என்று அலறினார் வாடிக்கையாளர். எந்திரம் பத்திரத்தைக் கட்டுக்கட்டாகத் துப்பிக்கொண்டிருந்தது.

வாழ்நாள் முழுக்க அடுத்தவர் எழுதியதைக் காப்பி எடுத்துப் பிழைத்த மனிதர் அவர். அதற்காக ஒருநாளும் வழக்கு வந்ததில்லை. கல்யாண நாளுக்கு ஒரே ஒரு கவிதை கொடுத்தார், வந்துவிட்டது.

அந்தக் கவிதையை அவர் எழுதவில்லை என்பது உண்மைதான். வீட்டு ஃப்ரிட்ஜ் குளிரவில்லை என்று கம்பெனியின் இணையப் பக்கத்துக்குப் போனார். அங்கே 'பனித்துளி, உங்கள் செயற்கை நுண்ணறிவு உதவியாளர்' என்று ஒன்று எழுத்தில் பேசியது. அவ்வளவு மரியாதையாக அவரிடம் யாரும் பேசியதில்லை. தினமும் மதியம் அதோடு பேச ஆரம்பித்தார். ஒருநாள் பேச்சோடு பேச்சாக, “என் வீட்டுக்காரிக்கு ஒரு கவிதை வேணும். ரத்தப் பரிசோதனை நிலையத்துல வேலை” என்று கேட்டுவைத்தார். வந்தது.

'ஊசியோடு நீ வந்தால்
ஓடத் தோன்றவில்லை எனக்கு;
ஒரு துளி போதுமா உனக்கு?
உள்ளதெல்லாம் உனக்கு.'

மனைவி படித்தாள், அழுதாள், உடனே தன் பக்கத்தில் போட்டாள். ஊரே கொண்டாடியது. ரத்தம் கொடுக்க வந்தவர்கள்கூடக் கையை நீட்டிக்கொண்டே கவிதையைச் சொன்னார்களாம். அன்றிலிருந்து அவள் அவரைப் பார்க்கும் பார்வையே வேறு. ‘டேபிளைத் துடைங்க’ என்று சொல்லும்போதுகூட ஒரு குழைவு. அந்தப் பார்வையை இழக்க அவருக்கு மனசே வரவில்லை.

அதனால் அவளிடம் மூச்சு விடாமல், செய்தி அனுப்பியவன்மேல் ‘மிரட்டுகிறான்’ என்று இணையப் பாதுகாப்புப் பிரிவுக்குப் புகார் தட்டினார். அவர்களும் சுறுசுறுப்பாகச் செயல்பட்டு, விசாரணை முடியும்வரை மனைவியின் பதிவை மறைத்துவைத்தார்கள்.

மாலையில் வீட்டுக்குள் நுழையும்போதே அவள் சாமியாடிக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, என் பதிவை மறைச்சுட்டாங்க, நீங்க எழுதினதை எவனோ தன்னோடதுங்கிறானாம்!”

“விட்டுத்தள்ளும்மா. நமக்கெதுக்கு வம்பு?”

“விடறதா? என் புருஷன் எழுதினது, நானே சாட்சின்னு வீடியோ போட்டுட்டேன்!”

அவர் சட்டென்று வாசல் பக்கம் திரும்பினார்.

“நீங்க அடிச்சுத் திருத்தி எழுதின பேப்பர் இருக்குமே, அதை எடுங்க. அதையும் போடறேன்.”

“தேடி எடுத்துட்டு வரேன்” என்றார். தேநீர் டம்ளரோடு குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டு, ஒரு தாளில் கவிதையை எழுதினார். நடுவில் தாறுமாறாக அடித்தார். பழசாகத் தெரியட்டும் என்று கொஞ்சம் தேநீரும் தெளித்தார். மனைவி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு படம் எடுத்துப் போட்டாள்.

ஊர்க்காரர்கள் லேசுப்பட்டவர்களா? படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். தாளின் ஓரத்தில் அவர் கடையின் விளம்பரம் அச்சாகியிருந்தது. ‘புதிய கிளை! திறந்துவிட்டோம்!’ கிளை திறந்ததே சென்ற வாரம்தான். கவிதையோ அதற்கு முன்பே வந்துவிட்டது.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒருவன் கேட்டான்: ‘புருஷன் எழுதலைன்னா, இந்தம்மா ஊசி போடற அழகை இவ்வளவு கிட்ட இருந்து பாத்த அந்த ஆள் யாரு?’

அவ்வளவுதான். ஆளாளுக்கு ஒரு கதை கட்டினார்கள். மறுநாள் பரிசோதனை நிலையத்திலும் குசுகுசு. மனைவி வீட்டுக்கு வந்து, விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தாள்.

“நான் யார் கையைப் பிடிச்சாலும் இனிமே தப்பாத்தானே பாப்பாங்க?” என்றாள்.

ஜெராக்ஸ் கடைக்காரர் போய் விளக்கைப் போட்டார். தன் பெருமைக்காக அவள் மானத்தையல்லவா பந்தயம் வைத்துவிட்டார்!

நேரே மச்சினனிடம் ஓடினார். மச்சினன் வக்கீல். எதற்கெடுத்தாலும் மேஜையைத் தட்டுகிற வக்கீல்.

“மாப்ளே, அதை நான் எழுதலை. செயற்கை நுண்ணறிவு எழுதிச்சு.”

மச்சினன் துள்ளி எழுந்தான். “மாமா! ஜெயிச்சுட்டோம்!”

“என்னடா சொல்றே?”

“எந்திரம் தானா எழுதினதுக்குப் பதிப்புரிமை கிடையாதுன்னு வாதாடலாம். அதுக்கே உரிமை இல்லைன்னா அந்தப் பயலுக்கு ஏது? வரச்சொல்லுங்க அவனை, உரிச்சிடறேன்! ஆனா ஒண்ணு, அக்கா முன்னாடி நீங்க உண்மையைச் சொல்லணும்.”

“அவ முன்னாடியா?”

“அப்பதான் அக்கா பேருல ஒட்டின அழுக்கும் போகும்.”

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவர் சரியென்றார்.

செய்தி அனுப்பிய ஆள், சொன்ன நேரத்துக்கு வக்கீல் அறைக்கு வந்துவிட்டான். கண்ணாடி போட்ட சாதுவான ஆள், தோளில் சாப்பாட்டுப் பை. மனைவி அவனை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள்.

“இந்த மூஞ்சியை நான் பாத்ததே இல்லை!”

“நானும் உங்களைப் பாத்ததில்லைங்க” என்றான் அவன் பவ்யமாக.

“அப்புறம் எப்படிய்யா எங்க அக்காவைப் பத்திக் கவிதை எழுதினே?” மச்சினன் மேஜையைத் தட்டினான். “மாமா, சொல்லுங்க!”

ஜெராக்ஸ் கடைக்காரர் எழுந்து நின்றார். மனைவியைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னார்.

“எழுதினது நானும் இல்லை, இவரும் இல்லை. ஃப்ரிட்ஜ் கம்பெனியில பனித்துளின்னு ஒரு எந்திரம் இருக்கு. அதுதான் எழுதிச்சு. நான் உன்னை ஏமாத்திட்டேம்மா.”

“ஃப்ரிட்ஜா?” என்றாள் மனைவி. குரல் உடைந்தது. “அப்போ என்னை நினைச்சு ஒரு மனுஷன்கூட அதை எழுதலையா? நீங்க ஒரு வார்த்தைகூட யோசிக்கலையா?”

அவர் தலையைத் தொங்கப்போட்டார். மச்சினனுக்கோ வெற்றிக் களிப்பு தாங்கவில்லை.

“கேட்டுக்கிட்டியாய்யா? எழுதினது எந்திரம்! இந்தக் கவிதைக்கு உலகத்துல யாருக்கும் உரிமை கிடையாது! இப்ப என்ன சொல்றே?”

அந்த ஆள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, மனைவியின் பக்கம் திரும்பினான்.

“அக்கா, அங்கே எந்திரமே கிடையாது, மதிய ஷிப்ட்ல பனித்துளி நான்தான், ஃப்ரிட்ஜ் குளிரலைன்னு வந்த மனுஷன் தினமும் உக்காந்து உங்களைப் பத்தியே பேசினாரு, அதைக் கேட்டுக் கேட்டுத்தான் எழுதினேன்!”