மரியாதையான வெளிநடப்பு

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். குடிமையியல் பாடத்தை இந்த நாட்டில் யாரும் கேட்பதில்லை. இருபத்திரண்டு வருடமாக நடத்துகிற எனக்கே பாதி நேரம் கொட்டாவி வரும். இருந்தாலும் அரசியலமைப்புச் சட்டத்துக்கு எழுபத்தைந்து வயது, விழா எடுங்கள் என்று சுற்றறிக்கை வந்தபோது எனக்குள் ஏதோ ஒன்று துள்ளி எழுந்தது. (அதைத் தலையில் தட்டி உட்கார வைத்திருக்க வேண்டும்.)

கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் எங்கள் பள்ளிக்கூடம். ஒன்பதாம் வகுப்புக்கு வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் குடிமையியல். அதன்மேல் கணக்கு சாருக்கு ரொம்ப நாளாகக் கண். ஹெட்மாஸ்டரிடம் போய் நின்றேன்.

"சார், மாதிரி நாடாளுமன்றம் நடத்தறேனுங்க. புள்ளைங்களுக்கு இந்தப் பாடத்து மேல ஒரு பிடிப்பு வந்துருமுங்க."

"நடத்துங்க டீச்சர். கல்வித்துறையிலிருந்து ஆபீசர் வர்றாருங்க. அவர் முன்னாடி நல்லபடியா நடந்துட்டா அந்தப் பீரியட் உங்களுக்கேங்க. இல்லீன்னா கணக்குக்குக் குடுத்துரலாம்."

பிரதமராகக் கவின். எதிர்க்கட்சித் தலைவியாக நிவேதா. பஸ் கட்டணத்தை உயர்த்தும் மசோதா. தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிற பிள்ளைகள், கிழி கிழியென்று கிழிப்பார்கள் என்று நம்பினேன். முதல் ஒத்திகையில் நிவேதா எழுந்தாள்.

"பிரதமருங்க சொல்றதும் சரிதானுங்க. டீசல் விக்கற வெலைக்கு அவரும் என்னதான் பண்ணுவாருங்க?"

"நீ எதிர்க்கட்சி கண்ணு! எதிர்த்துப் பேசணும்!"

"எதுத்துப் பேசுனா எங்கூட்டுல திட்டுவாங்க டீச்சர்."

ஒரு வாரம் தொண்டை வறளக் கத்தினேன். அவள் கட்சியில் பத்துப் பேர். பத்துப் பேரும் அரசுக்கு ஆறுதல் சொன்னார்கள். ஒருவன் கவினைத் தனியாகக் கூப்பிட்டு, "மனசுல வெச்சுக்காதீங்க" என்று மன்னிப்பே கேட்டான். கடைசியில் எனக்கு ஒரு குறுக்கு வழி தோன்றியது. பேசத் தெரியாவிட்டால் என்ன, எழுந்து வெளியே போகத் தெரியாதா? "எதிர்க்கிறோம்" என்று ஒரே ஒரு வரி. அப்புறம் வெளிநடப்பு. வகுப்பறையில் இடம் போதாததால் எதிர்க்கட்சியை மட்டும் வைத்துப் பழக்கினேன். எதிரே வெறும் பெஞ்சுகள். பிரமாதமாக வெளியேறினார்கள். (என் மேதாவித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.)

விழா நாள் வந்தது. முன்வரிசையில் ஆபீசர், பக்கத்தில் ஹெட்மாஸ்டர், பின்னால் பள்ளிக்கூடமே. கவின் மசோதாவை வாசித்தான். நிவேதா எழுந்தாள்.

"இந்த மசோதாவ நாங்க எதுக்கறோமுங்க. அதனால வெளிநடப்பு பண்றோமுங்க."

எனக்குப் புல்லரித்தது. ஆபீசர் கைதட்டினார். அங்கேயே நிகழ்ச்சி முடிந்திருக்கலாம்.

நிவேதா வாசலுக்குப் போகவில்லை. சபாநாயகர் பக்கம் திரும்பிக் கைகூப்பி, "வாரோமுங்க" என்றாள். பிறகு பிரதமரிடம் போய், "வாரோமுங்க." பின்னாலேயே வரிசையாகப் பத்துப் பேரும் வந்து, ஒவ்வொரு அமைச்சரிடமும் சொல்லிக்கொண்டார்கள். சொல்லாமல் கிளம்ப அவர்கள் என்ன வளர்ப்பில்லாத பிள்ளைகளா?

வெற்றுப் பெஞ்சுகள் இதற்குப் பதில் சொல்லியிருக்காது. கவின் சொன்னான். அவனும் நல்ல குடும்பத்துப் பிள்ளை.

"இருந்து டீ குடிச்சுப்போட்டுப் போலாமுங்கல்ல?"

"இல்லீங்க, நேரமாச்சுங்க. இன்னொரு நாளைக்கு வாரோமுங்க."

வந்தவர்கள் கிளம்பும்போது உட்கார்ந்திருந்தால் நன்றாக இருக்குமா? பிரதமர் எழுந்தார், அமைச்சரவை எழுந்தது. ஆளுங்கட்சி மொத்தமும் எதிர்க்கட்சியை வழியனுப்ப வாசல் வரைக்கும் நடந்தது. தனியாக உட்கார்ந்திருக்கக் கூச்சப்பட்டு சபாநாயகரும் பின்னால் ஓடினான். "உக்காருங்கடா! ஐயோ, உக்காருங்கடா!" என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தேன். கையில் மைக் இருந்ததை மறந்துவிட்டேன்.

மேடை காலியானதைப் பார்த்த மற்ற வகுப்புப் பிள்ளைகள் விழா முடிந்தது என்று பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்கள். இரண்டே நிமிடத்தில் அரங்கத்தில் மிஞ்சியது மூன்று பேர். ஆபீசரின் கையில் நான்கு பக்கச் சொற்பொழிவு இருந்தது. அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "பாசக்காரப் புள்ளைங்க டீச்சர்" என்றார். ஹெட்மாஸ்டர் என் பக்கம் திரும்பவே இல்லை.

மறுநாள் பஸ்ஸில் வரும்போது ஹெட்மாஸ்டரிடம் பேச ஆறு வாதங்களைத் தயார்செய்துகொண்டேன். பிள்ளைகளுக்கு எதிர்த்துப் பேச வரவில்லை என்றால் இந்தப் பாடம் இன்னும் அதிகமாக அல்லவா வேண்டும்? வாரத்துக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை, அதையும் பிடுங்கினால் எப்படி? எனக்கே என் பேச்சு பிடித்துப்போனது.

அவர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். காபி வரவழைத்தார்.

"டீச்சர், வெள்ளிக்கிழமைப் பீரியட கணக்குக்குக் குடுத்துரலாமுங்களா? உங்களுக்கு ஆட்சேபணை ஒண்ணுமில்லீங்களே?"

ஆட்சேபணை இருக்கிறதா என்று அவரே வாய்விட்டுக் கேட்டார். ஆறு வாதமும் நாக்கு நுனியில் இருந்தன.

"ஆகட்டுங்க சார்" என்றேன். காபியைக் குடித்தேன். "வாரேனுங்க சார்" என்று சொல்லிக்கொண்டு வெளியே வந்தேன்.

வராந்தாவில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. கணக்கு சார் மேல்கூடக் கோபமில்லை, என்மேல்தான். சாயங்காலம் வீட்டில் சொன்னபோது கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். கல்லூரியில் படிக்கிற மகள் சிரிக்கவில்லை.

"நிவேதாவாச்சும் எதுக்கறோமுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போட்டுத்தானம்மா வெளிய வந்தா. நீ அதக்கூடச் சொல்லலியே?"

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் கணக்கு நடக்கிறது. வீட்டில் இப்போதெல்லாம் நாத்தனார் போன் செய்து எதையாவது கேட்க, நான் "ஆகட்டுங்க" என்று சொன்னால் போதும், மகள் சாப்பாட்டு மேசையைத் தட்டி, "மசோதா நிறைவேறியது" என்று அறிவிப்பாள்.

"எதிர்க்கட்சி என்ன சொல்லுச்சு?" என்பார் கணவர்.

"சொல்லிக்கிட்டு அப்பவே கெளம்பிருச்சுங்கப்பா."

நான் எழுந்துபோய் எல்லாருக்கும் காபி போடுகிறேன்.