வாடையில் வாங்கிய காணி

ஓய்வு பெற்ற ஆண்பிள்ளையை வீடு கட்ட விடக்கூடாது. முப்பத்தைந்து வருடம் கொழும்புக் கந்தோரில் அடுத்தவன் கையொப்பத்துக்குக் காத்திருந்தவன், தானே ஒன்றைத் தீர்மானிக்கக் கிடைத்ததும் தலைகால் தெரியாமல் ஆடுவான். நான் ஆடினேன்.

என் மனைவி பிலோமினா கட்டுக்கரைக் குளத்துப் பக்கத்து வயற்காரி. என்னோடு வாடகை வீடு வாடகை வீடாக அலைந்தவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "பென்சனுக்குப் பிறகு எங்கட ஊரில, தங்கச்சிக்குப் பக்கத்தில இருப்பமே?" நான் மறுத்துவிட்டேன். வயலில் நுளம்புக்கடி, கடற்கரையில் அமைதி என்று பெரிதாகப் பேசினேன். (அமைதியாம். அங்கேயே பிறந்தவன் பேசுகிற பேச்சைப் பாருங்கள்.)

வாடைக்காலத்தில் வந்து மன்னார்த் தீவின் வடகரையில் காணி பார்த்தேன். ஒரு குஞ்சு குருமான் இல்லை. இரண்டு கழுதைகள் நின்றன, அவையும் வாய் திறக்கவில்லை. அன்றே முடித்துவிட்டேன். வாடை வீசினால் வள்ளமும் வலையும் தென்கரைக்குப் போகும், சோளகக் காற்று வந்தால் வடகரைக்குத் திரும்பும். தீவில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் இது தெரியும். மீன்பிடிகாரனின் மகனான எனக்கு மறந்துபோயிற்று. படித்தவனல்லவா.

நாலே மாதத்தில் வீட்டை எழுப்பி, கடல் பக்கம் மதிலும் கேற்றும் வைத்தேன்.  பிலோமினா தங்கச்சி வீட்டிலிருந்து உழவு மெசினில் வயல்மண் கொண்டுவந்து முற்றத்தில் கொட்டி, கத்தரி நட்டாள்.

குடிபுகுந்த அன்று பங்குச் சுவாமி வந்து வீட்டை மந்திரித்துக்கொண்டிருந்தார். சோளகத்தின் முதல் கரைவலையும் அன்றுதான். கேற்றடியில் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி நின்றார். அவருக்குப் பின்னால் இருபது பேர், கயிற்றை இழுத்தபடி பின்பக்கமாக நடந்து வந்துகொண்டிருந்தார்கள்.

"ஐயா, கேற்றைத் திறவுங்கோ. வலை வருது."

"இது என்ர காணி. உறுதிப் பத்திரம் இருக்கு" என்றேன், கந்தோர்க் குரலில்.

"ஓம், காணி உங்கட. ஆனா நாங்கள் காலங்காலமா வலை இழுக்கிற இடம் இது. ஐயா ஆற்ற மகன்?"

அப்பாவின் பெயரைச் சொன்னேன். சம்மாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அவரும் இதிலதானே இழுத்தவர். உங்களையும் தூக்கிக்கொண்டு வாறவர்."

கேற்றைத் திறந்தேன். இருபது முதுகுகள் வரிசையாக உள்ளே வந்தன. சுவாமி அவர்கள் மீதும் தீர்த்தம் தெளித்தார், வேறு என்ன செய்வது. ஈரக்கயிறு கத்தரிப் பாத்தியை மண்ணோடு வழித்துக்கொண்டு போயிற்று. பிலோமினா தேத்தண்ணித் தட்டத்தோடு பார்த்துக்கொண்டே நின்றாள். எனக்கு வெட்கத்தில் உயிர் போயிற்று.

ஒரு கிழமை தங்கச்சி வீட்டில் நின்றுவிட்டு வருகிறேன் என்று போனாள். ஒன்பது வருடமாகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

எங்கள் குடும்பத்தில் யார் எதைப் பார்க்கப் போனாலும், மாடோ மாப்பிள்ளையோ, "சோளகத்திலயும் ஒருக்காப் பாருங்கோ" என்று சொல்லிச் சிரிப்பார்கள். போன மாதம் பேத்திக்கு மாப்பிள்ளை பேசிய இடத்திலும் மருமகன் அதை எடுத்துவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். பிலோமினா பாக்கு வெட்டிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்.

"நானும் இந்த மனுசனை வாடையிலதான் பார்த்தனான்."