வார்னிங்கை மன்னிக்காத ஏட்டையா

எமனே எருமையில் வந்தாலும், ஓரங்கட்டி "பேப்பரை எடு" என்று கேட்கக்கூடியவர் மதுரை மாவட்டத்திலேயே எங்கள் ஏட்டையா ஒருவர்தான். போலீஸ்காரர் இல்லை. விளாங்குடியில் ஒரு மாடி ஆபீஸில் என் பக்கத்து நாற்காலிக்காரர்.

யார் யாரோ எழுதி ஊருக்கே இலவசமாகத் தரும் மென்பொருள்களை, சாதாரண மக்கள் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்ளும்படி பேக்கேஜாகக் கட்டி அனுப்புவது எங்கள் வேலை. கட்டுவதற்கு முன் கம்பைலர் அதைப் படித்துப் பார்க்கும். பெரிய தப்பென்றால் 'எரர்' என்று நிறுத்திவிடும். சின்னச் சந்தேகமென்றால் 'வார்னிங்' என்று முனகிவிட்டு வழிவிடும். ஏட்டையாவோ, வார்னிங்கையும் எரராகவே நடத்தும் சுவிட்சைப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அதனால்தான் அந்தப் பெயர்.

அவர் பெண் பார்க்கப் போன அன்று பூனை குறுக்கே போனதாம். அம்மா பதறியிருக்கிறார். "அது சகுனம்மா, வார்னிங் இல்ல" என்று காரைக் கிளப்பியவர், அலங்காநல்லூர் போகும் வழியில் மீட்டரில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்ததும் நிறுத்திவிட்டார். மெக்கானிக் வந்து பார்த்து முடிப்பதற்குள் பெண் வீட்டில் பஜ்ஜியும் ஆறி, சம்பந்தமும் ஆறிவிட்டது.

டி. கல்லுப்பட்டி பக்கம் ஒரு பள்ளியில் பார்வையில்லாத டீச்சர் ஒருவர் இருந்தார். திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் எங்கள் பேக்கேஜ் இல்லாமல் அவருக்கு வகுப்பு ஓடாது. புதுக் கம்ப்யூட்டர் வாங்கிவிட்டு, அதற்கேற்ற பேக்கேஜுக்குக் காத்திருந்தார். புதுக் கம்பைலரோ, 'ஓர் இடத்தில் எண் எதையும் போட்டுவைக்காமலே அதிலிருந்து எடுத்துப் பயன்படுத்துகிறீர்கள்' என்று ஒரே ஒரு வார்னிங் சொன்னது.

"அண்ணே, மூணு வருஷமா இதேதான் ஓடுது. கம்பைலர்தான் புதுசு. சுவிட்ச அணைங்க."

"மூணு வருஷமாத் தப்பிச்சிருக்கோம் மாப்ள. அம்புட்டுத்தான்."

"டீச்சர் எம்புட்டு நாள்ணே காத்துக்கிட்டிருப்பாங்க?"

"எழுதுனவருக்கு மெயில் போட்டிருக்கேன். பதில் வரட்டும்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அவர் சாப்பிடப் போன நேரத்தில் நானே சுவிட்சை அணைத்து, பேக்கேஜைக் கட்டி டீச்சருக்கு அனுப்பிவிட்டேன். புண்ணியம் செய்துவிட்ட மிதப்பு வேறு.

நாலாம் நாள் டீச்சர் எனக்குப் போன் செய்தார். மார்க் பட்டியலின் கடைசி வரியை அது படிக்கவே இல்லை. கேட்டதை அப்படியே வகுப்பில் சொல்லியிருக்கிறார். பெயர் விடுபட்ட கடைசிப் பிள்ளை அழுதுவிட்டது. 'கண்ணு தெரியாதவங்ககிட்ட வகுப்பக் குடுத்தா இப்படித்தான்' என்று பேச்சுக் கிளம்பி, வகுப்பை வேறு ஆளுக்கு மாற்றப்போகிறாராம் ஹெட்மாஸ்டர்.

"நான்தான் சரியாக் கேக்கலையோ தம்பி?" என்றார்.

போனை வைத்த கையோடு ஏட்டையாவிடம் ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை. எழுதியவரின் பதில் அன்று காலைதான் வந்திருந்தது. அதன்படி திருத்திக் கட்டிய பேக்கேஜோடு என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினார். ஹெட்மாஸ்டர் அறையில், டீச்சரையும் வைத்துக்கொண்டு, அதே பட்டியலைப் படிக்கவிட்டார். கடைசிப் பெயர் கணீரென்று வந்தது.

"சார், டீச்சரம்மா மேல ஒரு தப்பும் இல்ல. வார்னிங் வந்தும் அணைச்சுட்டு அனுப்புனது நான்தான்" என்றார் ஏட்டையா.

ஹெட்மாஸ்டர் டீச்சர் பக்கம் திரும்பினார். "வகுப்ப நீங்களே பாருங்க டீச்சர்" என்றார்.

திரும்பும் பஸ்ஸில், "ஏண்ணே உங்க மேல போட்டுக்கிட்டீங்க?" என்று கேட்டேன்.

"அந்தம்மா நாளைக்கும் உனக்குத்தான போன் பண்ணுவாங்க? உன்னைய நம்பணும்ல மாப்ள" என்றார்.

கூடப் பிறந்தவன்கூட எனக்காக அப்படியொரு பொய் சொன்னதில்லை.